லத்தீனுக்கும் வேற்றுமை உருபு உண்டு, அப்பா

நியூரம்பெர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. போனில்தான் பேசுகிறோமே என்று பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், கோபப்படாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. பேத்தி கயலுக்குப் பள்ளியில் எதற்கு லத்தீன் என்ற செத்துப்போன பாஷை, பிரெஞ்சு எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். மீனா அத்தை, டாக்டருக்குப் படிக்கத்தான் லத்தீன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

முதலில் அத்தைக்குச் சொல்லிவிடுங்கள்: இங்கே மருத்துவம் படிக்க லத்தீன் கட்டாயமில்லை. நோய், உறுப்புகளின் பெயர்களுக்கென்று கல்லூரியிலேயே தனிப் பாடம் வைக்கிறார்கள். இறையியல், பழைய வரலாறு மாதிரி சில படிப்புகளுக்குத்தான் லாட்டினூம் என்ற தகுதி கேட்பார்கள். நாங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் ஜிம்னாசியத்தில் (உடற்பயிற்சிக் கூடம் இல்லை, மேல்நிலைப் பள்ளிதான்) ஆறாம் வகுப்பில் லத்தீன் தொடங்கி, பத்தாம் வகுப்பு முடிவில் குறைந்தது 4 வாங்கினால் அது கிடைத்துவிடும். இங்கே 1 தான் முதல் மார்க்கு, 6 கடைசி. கயல் 4 வாங்கினாள் என்று அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ள வேண்டாம். அது பாஸ்.

நான் லத்தீனுக்குச் சரி சொன்னதற்குக் காரணம் வேறு. பிரெஞ்சில் வாய் திறந்து பேசவேண்டும், உச்சரிப்பு பிசகினால் பிள்ளைகள் சிரிக்கும். லத்தீன் வகுப்பு ஜெர்மனில்தான் நடக்கிறது. வாக்கியத்தைப் பிரித்து, ஜெர்மனில் திருத்தமாக எழுதினால் போதும். கயலுக்கு ஜெர்மனும் சேர்ந்து தேறுகிறது. மூன்று வருடம் பாடநூல், ஒன்பதாவதில் சீசர் மாதிரி மூல ஆசிரியர்கள்.

இனி உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வேற்றுமை. இங்கே பட்டியலில் ஐந்து இருக்கிறது: எழுவாய், ஆறாவது, நான்காவது, இரண்டாவது, அப்புறம் அப்லாடிவ். ஜெர்மன் பள்ளிகளின் வரிசை இதுதான். விளி பெரும்பாலும் எழுவாய் போலவே இருப்பதால் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். நம் ஆல், ஒடு, இன், கண் எல்லாவற்றையும் அந்த அப்லாடிவ் ஒன்றே சுமக்கிறது. வாளால், நண்பனோடு, ரோமிலிருந்து, தோட்டத்தில் என்று நாலுக்கும் அதே வேற்றுமை. சில இடத்தில் முன்னால் ஒரு சிறு சொல் துணைக்கு வரும், வாளுக்கு அதுவும் வராது.

உருபு மேல் உருபு ஒட்டுவது அங்கே கிடையாது. மரங்களை என்றால் நமக்குக் கள் தனி, ஐ தனி. லத்தீனில் பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்து கிடக்கும். அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றன. ரோஸாய் என்றால் ரோஜாவின், ரோஜாவுக்கு, ரோஜாக்கள், மூன்றும். எது என்று வினைமுற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அதைவிடப் பெரிய பொறி அலிப்பால் (ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பால்) பன்மை. டெம்ப்ளும் என்றால் கோயில், டெம்ப்ளா என்றால் கோயில்கள். ஆ என்று முடிகிறதே என்று ரோஸா போலப் பெண்பால் ஒருமையாக்கிவிடுவார்கள். அலிப்பாலில் முதல் வேற்றுமையும் இரண்டாவதும் எப்போதும் ஒன்றே, பன்மை ஆவில் முடியும். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதிப் பிழை போய்விடும்.

சொல் மனப்பாடமும் அரைகுறையாக இருக்கக்கூடாது. ரெக்ஸ் என்றால் அரசன் என்று மட்டும் படித்தால் பயனில்லை. ரெக்ஸ், ரேகிஸ், ஆண்பால் என்று மூன்றாகப் படிக்கவேண்டும். ரேகிஸிலிருந்து இஸ்ஸைக் கழற்றினால்தான் ரேக் என்ற பகுதி கிடைக்கும், மற்ற வேற்றுமை எல்லாம் அதன்மேல்தான் ஏறும். வினைக்கு நான்கு வடிவம்: ஆகெரே, ஆகோ, ஏகி, ஆக்டும். கயல் இதையெல்லாம் சீட்டில் எழுதி ஐந்து அறைப் பெட்டியில் போடுகிறாள். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எங்கிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், கடைசி அறை மாதத்துக்கு ஒரு தடவை. தேர்வுக்கு முந்தின ராத்திரி மொத்தமாக உருப்போட்ட சொல் அடுத்த வாரம் நிற்பதில்லை.

கீழ்வீட்டு டீச்சரம்மாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, குப்பைத் தொட்டியில் காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்தால் கதவைத் தட்டுகிறவர். ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை. படிக்கட்டில் கயலைக் கண்டால் ஒரு வினைச்சொல்லைச் சொல்வார். நாலு வடிவமும் வந்தால்தான் வழி விடுவார். "ரெகிட், ரெகெட், ரெகாட்" என்று ஒருநாள் நிறுத்தி வைத்துக் கேட்டார். ஆள்கிறான், ஆள்வான், ஆளட்டும். ஒரே ஒரு உயிர் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. லௌடாவிட், லௌடாபிட் இரண்டில் ஒரு மெய் மாறினாலே காலம் மாறிவிடும்: புகழ்ந்தான், புகழ்வான். இங்கே காது நம்பத்தகுந்ததில்லை, பென்சிலை வைத்துக்கொண்டு பார் என்பார்.

மொழிபெயர்ப்புக்கும் அவர் முறைதான். முதலில் வினைமுற்று. பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் இருக்கும், நமக்கு அது புதிதில்லை. அதன் விகுதி ட் என்றால் ஒருமை, ண்ட் என்றால் பன்மை. ஆணா பெண்ணா என்று லத்தீன் வினை சொல்லாது, அது நம் ஆன், ஆள் மாதிரி இல்லை. அடுத்து அதற்குப் பொருந்தும் எழுவாய். இல்லாவிட்டால் எழுவாய் வினைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு செயப்படுபொருள், கடைசியில் மற்றவை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தால் நிச்சயம் கவிழும். டோமினும் ஸெர்வுஸ் விடெட் என்றால் அடிமைதான் எஜமானனைப் பார்க்கிறான். டோமினும் முன்னால் நிற்பதால் எஜமானன் பார்க்கிறான் என்று எழுதுவது ஜெர்மன் பிள்ளைகளின் பழக்கம். "எஜமானனை அடிமை பார்க்கிறான்" என்று தமிழில் வாசிக்கிற குழந்தை அங்கே சறுக்காது.

ஒன்பதாவதுக்காரர்கள் திணறுகிற இடங்களிலும் நமக்கு வழி இருக்கிறது. பாடெர் ஃபீலியம் வெனீரே டீகிட் என்பதை ஜெர்மனில் உடைத்து இன்னொரு துணை வாக்கியம் போடவேண்டும். தமிழில், மகள் வருவதாக அப்பா சொல்கிறார், முடிந்தது. ஊர்பே காப்டா என்பது நகரம் பிடிபட்டதும். நீங்கள் இலக்கணத்தில் நடத்தும் எச்சங்கள் எல்லாம் இங்கே வேலைக்கு வருகின்றன. எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும்: நல்ல என்பது தமிழில் மாறாது, லத்தீனில் பெயருக்குத் தக்கபடி பெயரடையும் மாறும். அக்ரிகோலா ஆவில் முடிந்தாலும் உழவன் ஆண்பால், ஆகவே போனுஸ், போனா இல்லை. இதில் கயல் நிறைய மார்க்கை விடுகிறாள்.

நம் தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த சீகன்பால்கு தமிழ் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். அது 1716ல் இங்கே ஹாலே நகரில் அச்சாகியது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், டீச்சரம்மாவுக்குச் சொன்னபோது நம்பவில்லை.

டியூஷன் வைக்கவில்லை. அவசியமில்லை. நானும் வாரக் கடைசியில் கூடுதல் டூட்டி எடுப்பதால் அழைத்துப் போய்வர நேரமும் இல்லை. குளிர் ஒன்றும் பெரிதாக இல்லை, ரசத்துக்குப் புளியும் கிடைக்கிறது. ஆனால் அப்பா, கயல் விகுதிகளை ராகம் போட்டு ஒப்பிக்கும்போது, திண்ணையில் நீங்கள் பிள்ளைகளுக்கு ஐ, ஆல், கு சொல்லும் சத்தம் வந்துவிடுகிறது. சில ராத்திரி அடுப்படியில் போய் நின்றுகொள்கிறேன். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டவேண்டாம்.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்கு வேற்றுமையும் எச்சமும் நீங்களே நடத்துங்கள். அரைமணி போதும்.

ஆகஸ்டு லீவுக்கு இந்தத் தடவை வர முடியாது போலிருக்கிறது, டிக்கெட் தேதி ஒத்துவரவில்லை. அதனால் மேலத்தெரு மனைக்கு பவர் பத்திரத்தை அனுப்பிவிடுகிறேன். பாலுவிடம் வாசகத்தை டைப் அடித்து அனுப்பச் சொல்லுங்கள், நான்கு எல்லையும் சர்வே எண்ணும் பட்டாவில் உள்ளபடியே இருக்கட்டும். நான் முன்கூட்டிக் கையெழுத்துப் போடக்கூடாது, மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னால்தான் போடவேண்டும். பத்திரம் உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாகவேண்டும், பாலு வழக்கம்போல இழுத்தடித்தால் சிக்கல்தான். பெரியப்பா பங்கு வரப்பில் வேலி போடுவதை அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள், மொத்தமாக முடியாவிட்டாலும் இரண்டு தவணையாக அனுப்புகிறேன். உங்கள் கண் ஆபரேஷனைத் தை வரை தள்ளவேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி