சமூகத் தொழிற்கல்லூரியில் பயின்றோரின் தொழிற்தகைமை மதிப்பீட்டை இங்கேயே நடத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
எமது சமூகத் தொழிற்கல்லூரியின் பெற்றோர், பழைய மாணவர்,
தருமபுரம், கண்டாவளை.

ஊடாக:
பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம், கண்டாவளை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம், கிளிநொச்சி.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இது கட்டிடம் கேட்டு எழுதும் மனு அல்ல. 2009க்குப் பிறகு வன்னியில் நாடா வெட்டித் திறந்த கட்டிடங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் சிலவற்றின் நிழலில் இன்றைக்கு ஆடுகள் படுத்திருப்பதைத் தாங்களும் வெளிக்களம் போகும்போது பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்லூரிக்கு இருக்கிற மண்டபமும் பட்டறைகளும் போதும். அதற்குள் என்ன வேலை நடந்திருக்கிறது என்பதைத் தங்களுக்குத் தெரியப்படுத்தி, அந்த வேலைக்குரிய சான்றிதழ் உரிய நேரத்தில் பிள்ளைகளின் கைக்குக் கிடைக்க வழிசெய்யும்படி கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் மின்னியல் போதனாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டித் தோட்டம் செய்கிறவர்களில் அவரைத் தெரியாதவர் குறைவு. தருமபுரம், விசுவமடுப் பக்கம் மிளகாயும் கச்சானும் வைக்கிறவர்கள் கிணற்று மோட்டரை நம்பித்தான் வைக்கிறார்கள். சிறுபோகக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டரைப் போட, லைனின் கடைசியில் இருக்கிற காணிக்கு 230 வோல்ட் ஒழுங்காகப் போய்ச் சேராது. வோல்ட் குறைந்தாலும் மோட்டரின் சுமை குறைவதில்லை. அது கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும், சுருள் சூடாகும், வார்னிஷ் கருகும், கடைசியில் மோட்டர் எரிந்துவிடும். முன்பெல்லாம் எரிந்த மோட்டரை யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்பிவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருப்போம். அதற்குள் மிளகாய் வாடிவிடும்.

இந்தப் போதனாசிரியர் பழைய சைக்கிள் பாகங்களைக் கொண்டு சுருள் சுற்றும் கருவி ஒன்றைத் தானே செய்து, மாணவர்களுக்கு மோட்டர் சுற்றப் பழக்கினார். சுற்றிக் கொடுப்பதோடு அவர் விடுவதில்லை. மோட்டர் ஏன் எரிந்தது என்று தோட்டத்துக்கே போய் வோல்ட்டை அளந்து, மின்னோட்டம் கூடினால் மோட்டரைத் தானாக நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயைப் பூட்டிவிட்டுத்தான் மாணவர் திரும்ப வேண்டும். அதே மோட்டர் மறுபடி எரிந்து வந்தால், சுற்றியவர் அவருக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒளிந்து திரிவதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது போதனாசிரியர்கள் சைக்கிளில் வந்து வகுப்பை நடத்தினார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய்ப் பம்பி வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மின்பம்பிக்கும் சூரியப் படலில் ஓடும் பம்பிக்கும் மாறுவது எப்படி, எத்தனை அடிக் கிணற்றுக்கு எவ்வளவு குதிரைவலு தேவை என்று அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் எங்கள் மாணவர்கள்தான். யாரும் சொல்லி நடந்த வேலை அல்ல அது.

அப்புறம் வாகனத் திருத்தப் பிரிவு. 2018 டிசம்பர் வெள்ளத்தைத் தாங்கள் அறிவீர்கள். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட அந்த நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் வீடு, வயல், வாகனம் என்று எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. தண்ணீர் வடிந்ததும் சனம் செய்த முதல் காரியம் மோட்டார் சைக்கிளை உதைத்துப் பார்த்ததுதான். செய்யவே கூடாத காரியமும் அதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது உதைத்தால் இணைப்புத் தண்டு வளைந்துவிடக்கூடும். மாணவர்கள் வீடு வீடாகப் போய், "உதையாதேங்கோ, பிளக்கைக் கழற்றுங்கோ, ஒயிலை இறக்குங்கோ" என்று சொல்லித் திரிந்தார்கள். மோட்டார் சைக்கிள்களையும் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரங்களையும் கல்லூரி முற்றத்தில் வரிசையாக நிறுத்திக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார்கள். அன்று தொடங்கிய வழக்கத்தை அடுத்தடுத்த பிரிவினரும் விடவில்லை. மாரி தொடங்கமுன் இன்றைக்கும் அந்த முற்றத்தில் இலவசத் திருத்த நாள் நடக்கிறது.

அந்தப் பிரிவில் செயற்கைக் காலோடு படிக்கும் மாணவர் ஒருவர் இருக்கிறார். நின்றபடி நீண்ட நேரம் வேலை செய்ய அவரால் முடியாது. இருந்தபடியே எஞ்சினைத் தூக்கவும் திருப்பவும் கூடிய தாங்கி ஒன்றை அவரே வரைந்து, வெல்டிங் வகுப்பு நண்பர்களைக் கொண்டு செய்வித்தார். இப்போது இரண்டு காலும் சரியாக உள்ளவர்களும் அந்தத் தாங்கியைப் பிடிக்கத்தான் முந்துகிறார்கள்.

ஊழியர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறோம். பயிற்சிக்கு எஞ்சின் வாங்கக் காசு இல்லாத நேரத்தில், பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, எடைக்கு விற்கப் போட்ட எஞ்சின்களைக் கேட்டு வாங்கி வந்தவர் எங்கள் களஞ்சியக் காப்பாளர். இரவுக் காவலாளி, போருக்கு முன்னர் கராஜில் வெல்டிங் செய்தவர். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வேலை செய்தே பழகியவர்களின் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை, அதாவது ஆர்.பி.எல்., என்று ஒன்று இருக்கிறது என அலுவலகத்துத் தங்கச்சி தேடிக் கண்டுபிடித்து, படிவம் நிரப்பி, அவர் செய்த கேற்றுகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினார். வெளி மாவட்டத்தில் நடந்த மதிப்பீட்டுக்குத் தன் செலவில் போய்க் காவலாளி தேசிய தொழிற்தகைமையில் நிலை 3 எடுத்தார். இப்போது பகலில் வெல்டிங் வகுப்புக்கு உதவி செய்கிறார், இரவில் காவல் இருக்கிறார். சம்பளம் மட்டும் காவலாளிக்குரியதுதான்.

எல்லாவற்றையும்விடத் தாங்கள் கவனிக்க வேண்டியது சனி, ஞாயிறு வகுப்பை என்று நினைக்கிறோம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்யும் பெண்கள் அதில் படிக்கிறார்கள். பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி அகற்றும் வேலை முடிய வேண்டிய கெடு 2028 ஜூன். நிலம் சுத்தமாவது எல்லோருக்கும் நல்ல செய்தி. ஆனால் வேலை முடியும் நாளில் இந்தப் பெண்களின் சம்பளமும் முடியும். அதைத் தெரிந்துதான் கிழமை முழுக்க வெயிலில் முழங்காலில் இருந்துவிட்டு, கிழமைக் கடைசியில் வந்து வீட்டு வயரிங் பழகுகிறார்கள். ஆரம்பத்தில் "பொம்பிளையளோ ஏணியில ஏறப் போறது?" என்று கேட்ட வீடுகளே இன்றைக்கு இவர்களைத் தேடிக் கூப்பிடுகின்றன. ஒரு அங்குலம் பிசகாமல் நிலத்தைச் சோதிக்கப் பழகிய கைகள், வயரை எப்படிப் பொறுப்பாகப் பூட்டும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

சரி, பிரச்சினை எங்கே?

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்பது தாங்கள் அறிந்ததே. நிலை 4 கிடைத்தால் எங்கள் பிள்ளைகள் அறிவியல்நகரில் உள்ள இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கு விண்ணப்பித்து மேலே போகலாம். அங்கிருந்து இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரைக்கும் படி இருக்கிறது. ஆனால் முதற்படியில் ஏறவே மதிப்பீடு நடக்க வேண்டும். இது புள்ளி போடும் பரீட்சை அல்ல. மதிப்பீட்டாளர் நேரே நின்று வேலையைச் செய்வித்துப் பார்த்து, தேர்ச்சி உண்டு அல்லது இன்னும் இல்லை என்று எழுத வேண்டும். ஆகவே மதிப்பீட்டாளர் வராவிட்டால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையில் ஒன்றும் இல்லை.

பயிற்சி முடிந்து, அடுத்த பிரிவும் தொடங்கிய பின்னரும் மதிப்பீடு நடக்காமல் இருந்திருக்கிறது. எழுதிக் கேட்டோம், திகதி தருவதாகப் பதில் வந்தது, திகதி வரவில்லை. தமிழில் மதிப்பிடக்கூடியவர்கள் குறைவு, இவ்வளவு தூரம் ஒரு சிறு குழுவுக்காக வருவது செலவு என்று காரணம் சொல்லப்பட்டது. காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்கிடையில் பிள்ளைகள் காத்திருப்பதில்லை. கொழும்பில் கட்டிட வேலைக்கோ, ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிக் கட்டாருக்கோ போய்விடுகிறார்கள். மோட்டர் சுற்றத் தெரிந்த பிள்ளை, கடதாசி இல்லாததால் அங்கே உதவியாள் சம்பளத்துக்கு வயர் இழுத்துக் கொடுக்கிறான்.

இந்த விடயங்கள் முழுவதும் தங்கள் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தரங்களும் மதிப்பீட்டாளர் பதிவும் கொழும்பில் முடிவாகின்றன. இருந்தாலும் மாவட்டத்தில் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தக்கூடியவர் தாங்கள்தான்.

ஆகவே, ஒவ்வொரு பிரிவும் கலையமுன் எங்கள் பட்டறையிலேயே மதிப்பீடு நடக்கும்படி உரிய நிறுவனங்களுடன் தாங்கள் பேசித் தர வேண்டும். ஒரு சிறு குழுவுக்காக வருவது கஷ்டம் என்றால், கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, கரைச்சி, பூநகரி நான்கு பிரதேசங்களிலும் காத்திருப்பவர்களை ஒன்றுசேர்த்து, தொடர்ச்சியான சில நாட்களில் முடிக்கலாம். எங்கள் வகுப்பில் விசுவமடுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முல்லைத்தீவு மாவட்டம் என்று சொல்லி விட்டுவிடாமல் அவர்களையும் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் தங்க இடமும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். கண்ணிவெடி அகற்றும் பெண்களுக்கும், சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்காகக் கராஜ் நடத்துபவர்களுக்கும் ஆர்.பி.எல். மதிப்பீட்டை அதே நாட்களில் வைத்தால் ஒரே செலவில் முடியும். பிரதேச செயலகங்களில் உள்ள திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் மூலம் பெயர்ப்பட்டியலை எடுக்கலாம்.

இன்னொன்று போதனாசிரியர்களைப் பற்றியது. மின்னியல் போதனாசிரியர் உட்பட அவர்களில் பெரும்பாலோர் மணித்தியாலக் கொடுப்பனவில் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு தடவையும் இவர் அடுத்த முறை வருவாரா என்று நாங்கள் பயந்துகொண்டுதான் இருக்கிறோம். நிரந்தர நியமனத்துக்கு ஆட்சேர்ப்பு நடக்கும்போது, இங்கே வேலை செய்த காலத்தைக் கணக்கில் எடுக்கும்படி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு தீர்மானமாக வைக்க வேண்டுகிறோம்.

பின்னேர பஸ் பற்றியும் ஒரு வரி. வகுப்பு முடிந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகிற மாணவிகளுக்கு ஐந்து மணிக்குப் பிறகு நம்பி நிற்கக்கூடிய பஸ் இல்லை. இதைத் தனி மனுவாகவும் அனுப்பியுள்ளோம்.

மதிப்பீட்டுக்குக் காத்திருப்பவர்களின் பெயர், பிரிவு, பயிற்சி முடித்த திகதி அடங்கிய பட்டியலையும், முன்பு எழுதிய கடிதங்களின் பிரதிகளையும் இத்துடன் இணைத்துள்ளோம். தங்களுக்கு வசதியான ஒரு நாளில் கல்லூரிக்கு வந்து பார்க்கும்படியும் அழைக்கிறோம். மாலையோ மேடையோ வைக்க மாட்டோம். பட்டறையில் வேலை நடக்கிற நேரமாக, காலை பத்து மணிக்குப் பின் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
பெற்றோர், பழைய மாணவர் சார்பில் செயலாளர்