எருமைக்குப் பின்னால்தான் மனிதன்

நீலகிரியில் சாலையோரச் சுவர்களில் பழங்குடிக் கதைகளை வரையத் திட்டமிடும் உள்ளாட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நானும் இந்த மலையில் சுவரில் படம் வரைந்து பிழைப்பவன்தான். இப்படி வேலை வந்தால் எனக்கும் நல்லது. ஆனாலும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தங்கும் விடுதியில் இங்குள்ள தோடர் பழங்குடியினரின் படம் கேட்டார்கள். போனில் நாலு படம் பார்த்து, வளைந்த கூரை வீடு, போர்வை போர்த்திய பெரியவர், அவர் பின்னால் இரண்டு எருமை, தூரத்தில் தேயிலைத் தோட்டம் என்று வரைந்து முடித்தேன். அந்த வழியாக வந்த ஒரு தோடர் அம்மா நின்று பார்த்துவிட்டு, இது யார் வீட்டு எருமை என்று கேட்டார். கீழ்நாட்டு எருமையை வரைந்து வைத்திருந்தேன். அவர்களுடைய எருமைக்குக் கொம்பு அகல விரிந்து, பிறை மாதிரி வளைந்திருக்கும். அப்புறம், மனிதனை ஏன் முன்னால் விட்டாய் என்றார். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி 1906-இல் வெளியிட்ட நூலில் அதற்கான கதை இருக்கிறது. ஓன் என்ற தெய்வமும் அவர் மனைவியும் குந்தா மலைக்குப் போய், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீளும் இரும்புக் கம்பியை வைக்கிறார்கள். ஒரு முனையில் நின்று ஓன் 1,600 எருமைகளை மண்ணுக்குள்ளிருந்து வரவழைக்கிறார். மறுமுனையில் அவர் மனைவி 1,800. ஓனின் கடைசி எருமையுடைய வாலைப் பிடித்தபடி வெளியே வந்தவன்தான் முதல் தோடன். அவன் வலது விலா எலும்பிலிருந்து முதல் பெண். (விலா எலும்பு எங்கேயோ கேட்டது போலிருக்கிறதா? எனக்கும் அப்படித்தான்.) தெய்கிர்ஷி என்ற பெண் தெய்வம்தான் எருமைகளை வரவழைத்தது என்றும் சொல்கிறார்கள். எதைச் சுவரில் ஏற்றுவது என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. அதனால் மாதிரிப் படம் போடுவதற்கு முன்பே மந்து என்னும் தோடர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். எருமைப் பாலைப் பதப்படுத்தும் பால்மடக் கோயில் விஷயத்தில் அவர்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இதை வரையாதே என்றால் அந்த இடம் வெறுஞ்சுவராகவே இருக்கட்டும்.

தூரிகையையும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். போபாலில் சட்டமன்றக் கட்டடச் சுவரைக் கோண்டு பழங்குடி ஓவியர் ஜன்கர் சிங் ஷியாமிடமே கொடுத்தார்கள். இங்கேயும் பூத்துகுளி என்ற போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை தைக்கும் கைகள் இருக்கின்றன. 2013-இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. கூலியை மட்டும் சரியாகக் கொடுங்கள்.

தேயிலை வேண்டவே வேண்டாம். அது வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, கதையில் இருப்பது புல்வெளி. அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை மரமும் தைலமரமும் தின்றுவிட்டன. சுவரில் 3,400 எருமைகளுக்கு இடம் ஒதுக்கும்போது, நிஜ எருமைக்கு எங்கே புல் என்று அவர்கள் கேட்பார்கள். பதிலோடு போங்கள்.

மந்துக்குப் போகும் நாளில் என்னையும் கூப்பிடுங்கள். விடுதிச் சுவரில் அந்தப் பெரியவர் இன்னமும் எருமைக்கு முன்னால்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
சுவரில் படம் வரைபவன்