வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் மகன் வேலையில் சேர்ந்த சேதி மனசுக்கு நிறைவாக இருந்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். முதலில் அக்கா விஷயம்.

அல்ட்ராசவுண்டிலேயே சினைப்பைக் கட்டி தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு சி.டி. ஸ்கேன் என்று கேட்டிருந்தாய். கட்டியின் தன்மையைச் சொல்வதில் அல்ட்ராசவுண்டுக்குத்தான் முதலிடம். அதில் தெளியாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்போம். புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தால், எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. வேண்டும்.

அந்தப் படத்தில் கட்டியை அளந்த கையோடு நான் வயிற்றின் மேல்பகுதிக்குப் போய்விடுவேன். இந்தப் புற்றின் செல்கள் வயிற்றுக்குள் இருக்கும் நீரோடு நகர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நீர் பெரும்பாலும் வலப்பக்கமாக மேலேறும் என்பதால், கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே உள்ள இடுக்கை விடாமல் பார்ப்பேன். அடுத்தது ஓமென்டம், குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை. கறுப்பாகத் தெரியவேண்டியது சாம்பல் நிறத்தில் தடித்துக் கிடந்தால் ‘ஓமென்டல் கேக்’ என்று எழுதுவோம்.

புற்றின் நிலைகளுக்கு, மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோவின் 2014 வகைப்பாடு இருக்கிறது. சினைப்பையோடு நின்றால் ஒன்று, இடுப்புக்குள் பரவினால் இரண்டு, அதைத் தாண்டி வயிற்று உள்ளுறைக்கோ, பின்வயிற்று நிணநீர்க் கணுக்களுக்கோ போயிருந்தால் மூன்று. கல்லீரலின் மேலுறையில் ஒட்டியிருப்பதும் மூன்றுதான். கல்லீரலுக்கு உள்ளேயே தனியாக முளைத்திருந்தால் நான்கு. நுரையீரலைச் சுற்றி நீர் தெரிந்தாலே பயந்துவிடாதே. அதில் புற்றுச் செல் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால்தான் நான்காவது நிலை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் ‘பரவல் தெரியவில்லை’ என்று இருந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். குடலின் மேலும் அதன் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் துகள்கள் சி.டி.க்குச் சிக்குவதில்லை. அதனால்தான் சில இடங்களில் லேப்ராஸ்கோப், அதாவது சிறு துளை வழியே விடும் கேமராக் குழாய், வைத்தும் பார்க்கிறார்கள். முதலில் ஆபரேஷனா, கீமோவா என்று முடிவெடுக்க இந்த விவரங்களெல்லாம் வேண்டும். புற்றுநோய் ஆபரேஷனில் பழகிய மகளிர் நோய் மருத்துவரே படத்தைப் பார்க்கட்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, சி.டி. ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

சி.டி.யில் உறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசிக்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல். முன்பு ஏதாவது அலர்ஜி வந்திருந்தால் மறைக்காமல் சொல்லட்டும்.

படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்பு, நானும் பார்க்கிறேன். அக்காவுக்குப் பேசவேண்டும் போலிருந்தால் எந்நேரமானாலும் கூப்பிடட்டும்.

அன்புடன்,
கலா