எரிமேடைக்குக் கூரை கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அவர்கள்

பொருள்: சுடுகாட்டு எரிமேடைக்குக் கூரை அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்காலை ஒட்டியுள்ள எங்கள் சுடுகாட்டைத் தாங்கள் அறிவீர்கள். கிராம சபையிலும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் கிடைக்காததால் மீண்டும் எழுதுகிறோம்.

1. எரிமேடையின் மேலிருந்த தகரக் கூரை 2018 நவம்பரில் கஜா புயலில் பறந்துபோனது. இன்று தூண்கள் மட்டுமே நிற்கின்றன.

2. மதகிலிருந்து மேடைவரை மண்பாதைதான். மழையில் பாடை தூக்குவோர் முழங்கால் சேற்றில் நடக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொள்கிறோம்.

3. பொறுக்க முடியாதது இதுதான். விறகு அடுக்கி, உடலைக் கிடத்தி, வறட்டியால் மூடி, வைக்கோல் பரப்பி, மேலே களிமண் குழைத்துப் பூசினால்தான் அனல் உள்ளே தங்கி, உடல் விடிவதற்குள் முழுதாக எரியும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண்பூச்சு கரைந்து வழிந்து, வைக்கோல் நனைந்து, நெருப்பு அடங்கிப் புகை மட்டும் எழுகிறது. கொள்ளி வைத்த மகன் திரும்பிப் பார்க்காமல் வீடு போக வேண்டும் என்பது முறை. எங்கள் ஊரிலோ அவனே நள்ளிரவில் பழைய டயரும் டீசலும் சுமந்து அதே மேடைக்குத் திரும்புகிறான். மறுநாள் காடாற்றிப் பால் தெளித்து எலும்பு பொறுக்கக் கலயத்தோடு போனவர்கள், தகப்பனின் உடல் பாதி எரியாமல் கிடப்பதைக் கண்டு மீண்டும் விறகு தேடி ஓடியிருக்கிறார்கள். எந்தப் பிள்ளை ஐயா இதைப் பார்க்க வேண்டும்?

4. நகரத்து எரிவாயு மேடைக்குக் கொண்டுபோகலாமே என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வண்டி வாடகையை யார் கொடுப்பது? நீர்மாலை எடுத்து, குடம் உடைத்து, பங்காளிகள் கூடி வழியனுப்பும் இடம் இங்கே இருக்க, நாங்கள் ஏன் அங்கே போக வேண்டும்? சுடுகாட்டைப் பராமரிப்பது கிராம ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110ஆம் பிரிவில் சொல்கிறது. நாங்கள் கேட்பது சலுகையா? நிற்கிற தூண்களின் மேல் தகரம், அவ்வளவுதான்.

5. ஐப்பசி நெருங்குகிறது ஐயா.

ஆகவே, ஒன்றியப் பொறியாளரை நேரில் அனுப்பி அளவெடுக்கச் செய்து, மழைக்கு முன் கூரை அமைத்துத் தருமாறு தங்களைப் பணிவுடன் மீண்டும் வேண்டுகிறோம். இயலாதென்றால், காரணத்தோடு அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்