ஜாப் ஆர்டர் கோப்பின் பதிப்பு 3: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விடுமுறை முடிந்து பட்டறைகள் திறந்ததும் ஜாப் ஆர்டர் கோப்பின் பதிப்பு 3 வருகிறது. ஏற்றுமதி நிறுவனங்களிலிருந்து நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் யூனிட்டுகளுக்குப் போய்வரும் அதே எக்ஸ்எம்எல் கோப்புதான் (ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயர் தாங்கிய குறிச்சொற்களுக்கு நடுவே எழுதும் முறை). "மறுபடியும் அப்டேட்டா?" என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். போன தடவை நாங்கள் செய்துவைத்த வேலைக்கு அது நியாயம்தான். அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

பதிப்பு 2.2 வரை துணி விவரம் இப்படி இருந்தது (டயா என்பது துணியின் விட்ட அளவு):

<துணி><டயா>24</டயா><எடை>412.600</எடை></துணி>

(குறிச்சொற்கள் தமிழில் இருப்பதைப் பார்த்துச் சிலர் இன்னும் சிரிக்கிறார்கள். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்தில் பெயர் வைக்க இடம் உண்டு. கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கும் சூப்பர்வைசருக்கும் புரிகிறதே.)

பதிப்பு 2.3இல், டயாவுக்கும் எடைக்கும் நடுவே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்ற புது உறுப்பை, அதாவது இன்னொரு குறிச்சொல் விவரத்தை, செருகினோம். அதைக் கட்டாயமாகவும் ஆக்கினோம். கோப்பில் எது, எந்த வரிசையில் வரலாம் என்று சொல்லும் விதித்தாளான ஸ்கீமாவில் ஒரே ஒரு வரிதான் கூடியது. சனிக்கிழமை இரவு ஏற்றுமதி நிறுவனங்களின் கணினிகள் அப்டேட் ஆயின. திங்கட்கிழமை காலை முதல் போன்: "ஏனுங்க, லோடு கேட்டுல நிக்குதுங்க, ஃபைலு தொறக்க மாட்டேங்குதுங்க." அந்தப் பட்டறையில் இருந்தது பழைய மென்பொருள். அதன் ஸ்கீமாப்படி டயாவுக்கு அடுத்து எடைதான் வரவேண்டும். ஜிஎஸ்எம் வந்ததும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பிவிட்டது.

மத்தியானம் இன்னொரு பக்கமிருந்து போன். புது மென்பொருளில் இரண்டு மாதத்துக்கு முந்தைய ஆர்டரைத் திறந்தால், ஜிஎஸ்எம் இல்லை என்று பிழை. ஒரே வரி, இரண்டு பக்கமும் அடி.

இந்த இரண்டு புகாரையும் ஒன்றாக நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு. பழைய சலானைப் புது கணக்குப்பிள்ளை படிப்பது ஒன்று. புது சலானைப் பழைய கணக்குப்பிள்ளை படிப்பது வேறு. முதலாவது கொஞ்சம் ஒழுங்கு இருந்தாலே முடிகிற காரியம்: புதிதாகச் சேர்க்கும் எதையும் கட்டாயமாக்கக் கூடாது, ஏற்கெனவே உள்ளதை நீக்கக் கூடாது, வரிசையை மாற்றக் கூடாது. இன்வாய்ஸ், பர்ச்சேஸ் ஆர்டர் போன்றவற்றுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் யுபிஎல் இந்த வழியில்தான் போகிறது. 2.0க்குச் சரியான ஆவணம் 2.1க்கும் சரி. ஆனால் 1.0இலிருந்து 2.0க்கு வந்தபோது அவர்களும் பழையதை உடைத்துத்தான் வந்தார்கள். உடைக்க வேண்டியதை ஒரே தடவையில் உடைத்துவிட்டு, பெரிய எண்ணை மாற்றிவிடுவது நேர்மையான வழி என்று எங்களுக்குப் படுகிறது. பதிப்பு 3 என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

இரண்டாவதுதான் கஷ்டம். நாளை நாங்கள் சேர்க்கப்போவது என்ன என்று இன்றைய மென்பொருளுக்குத் தெரியாது. ஜிஎஸ்எம்மைக் கட்டாயம் இல்லை என்று விட்டிருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை லோடு கேட்டில்தான் நின்றிருக்கும், ஏனென்றால் பழைய ஸ்கீமாவில் அதற்கு இடமே இல்லை. தெரியாத விருந்தாளிக்கு முன்கூட்டியே ஒரு திண்ணை கட்டிவைக்க வேண்டும். பதிப்பு 3இல் துணி விவரத்தின் கடைசியில் 'கூடுதல்' என்ற ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் எது வேண்டுமானாலும் வரலாம். தெரிந்த உறுப்பாக இருந்தால் மென்பொருள் அதைச் சரிபார்க்கும், தெரியாததாக இருந்தால் தொடாமல் விட்டுவிடும். நாளை 3.1இல் துணியின் சுருக்க அளவைச் சேர்த்தால் அது இந்தப் பெட்டிக்குள்தான் வரும்.

பெட்டி எதற்கு, கடைசியில் 'எதுவும் வரலாம்' என்று திறந்துவிட்டால் போதாதா என்று உங்களில் ஐடி ஆள் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். போதாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்ற உறுப்புக்கு அடுத்து 'எதுவும் வரலாம்' என்று எழுதினால், வந்தது அந்த உறுப்பா அல்லது 'எதுவும்' கணக்கில் சேருமா என்ற குழப்பம் வரும். ஸ்கீமா எழுதும் மொழியான எக்ஸ்எஸ்டியின், 2001இல் வந்த 1.0 பதிப்பின் விதி அப்படிப்பட்ட ஸ்கீமாவையே ஏற்காது. 2012இல் வந்த 1.1 இதற்கு வழி செய்தது. ஆனால் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டோடு வரும் சரிபார்ப்பு நிரல் 1.0ஐத்தான் அறியும். உங்களில் பெரும்பாலானோர் ஓட்டுவது அதைத்தான். ஆகவே பெட்டி.

பெட்டியோடு ஒரு கடமையும் வருகிறது. சாயப்பட்டறை கோப்பை வாங்கி, எடையை நிரப்பித் திருப்பி அனுப்பும்போது, தனக்குப் புரியாத பெட்டியையும் அப்படியே சேர்த்து அனுப்ப வேண்டும். எங்கள் மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். சொந்தமாக நிரல் எழுதி வைத்திருப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடை. உண்மையில் பதிப்பு 3 வருவதே இதற்காகத்தான். 412.600 கிலோ கிரே துணி (சாயம் ஏறாத துணி) சாயத்துக்குப் போகிறது. பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் எடை) போக 392 கிலோ திரும்புகிறது. இரண்டையும் ஒரே 'எடை'யில் எழுதிக்கொண்டிருந்தோம்: போகும்போது கிரே எடை, வரும்போது ஃபினிஷ்டு எடை. ஸ்கீமாவுக்கு இரண்டுமே தசம எண்தான், இரண்டுமே சரிதான். பிழை எங்கும் காட்டாது. ஒரு மாதம் கழித்து பில் பாஸ் பண்ணும்போதுதான் சண்டை வரும். திறக்காத கோப்பாவது உடனே தெரிந்துவிடுகிறது. தப்பான அர்த்தத்தோடு திறக்கும் கோப்பு எங்களை அதைவிடப் பயமுறுத்துகிறது.

பதிப்பு 3இல் கிரே_எடை, பினிஷ்டு_எடை என்று இரண்டு தனி உறுப்புகள். 'எடை' என்ற வெறும் சொல் இனி இல்லை. பழைய கோப்புகளைத் திறக்கும்போது, அதிலுள்ள எடையை 'பழைய கோப்பின் எடை' என்றே திரையில் காட்டுவோம். அது எந்த எடை என்று மென்பொருள் ஊகிக்காது. உங்கள் சலானைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டும். இதில் ஒரு கிளிக் கூடுதல்தான், மன்னிக்கவும்.

எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. பார்ட்டி மாஸ்டரில் (நீங்கள் கோப்பு அனுப்பும் நிறுவனங்களின் பட்டியலில்) 'கோப்புப் பதிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். எதிர்ப்பக்கம் 2.3 என்று போட்டால் அவர்களுக்கு 2.3ஆகவே கோப்பு போகும். எடை இடத்தில் கிரே எடை இருக்கும். குறிச்சொற்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் இந்த ஒரு தடவை மட்டும் மாறுகிறது. 3.1, 3.2 என்று எத்தனை வந்தாலும் அது மாறாது. பழைய ஆர்டர் கோப்புகளை வாசிக்கும் வசதியை நீக்க மாட்டோம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சிலருடைய சொந்த நிரல்கள் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் எங்கள் தளத்திலிருந்து ஸ்கீமாவை இறக்குகின்றன. இப்படித்தான் எக்ஸ்எம்எல் போன்ற இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் சர்வர்கள் ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை வாங்கிக்கொண்டு திணறியதாக 2008இல் அவர்களே எழுதினார்கள். எங்கள் சர்வர் ஒரு சின்ன அறையில், ஒரே இன்வெர்ட்டரை நம்பி இருக்கிறது. இங்கே கரண்ட் போனால் உங்கள் லோடு அங்கே நிற்க வேண்டாம். ஸ்கீமாவை ஒரு தடவை இறக்கி உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கோப்பு ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறோம். வேண்டுமென்றே அதன் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாத ஓர் உறுப்பைப் போட்டிருக்கிறோம். மாற்றப்போகும் கணினியில் பதிப்பு 3ஐ ஏற்றி, அதைத் திறந்து, சேமித்து, எங்களுக்கே திருப்பி அனுப்புங்கள். அந்த உறுப்பு திரும்பி வந்தால் உங்கள் பக்கம் சரி. வராவிட்டால் நாங்களே போன் செய்கிறோம். இந்தத் தடவை அப்டேட் சனிக்கிழமை இரவில் வராது. செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் எல்லோரும் சீட்டில் இருக்கும்போது வரும்.

இப்படிக்கு,
மென்பொருள் பிரிவு,
திருப்பூர்