கை தானாக நீளாது, மக்களே

மக்களே,

பெண்டாட்டியை அடித்துவிட்டு உன் கூட்டுக்காரன் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய்: "கை நீண்டுபோச்சு, எனக்கே தெரியல." இப்படிப் பேசுகிறவர்கள் வாயில் "அடித்தேன்" என்ற சொல் வராது. கை நீளும், கோபம் வரும், சண்டை ஆகிவிடும். எழுவாயாக அவன் இருக்கவே மாட்டான். அவள் மட்டும் இருப்பாள்: எதிர்த்துப் பேசினாள், அம்மாவை மதிக்கவில்லை, சோற்றுக்கு நேரமாக்கினாள்.

நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன். அவன் சொல்லை நம்பத்தான் உனக்குத் தோன்றும். ஆனாலும் அடித்த விதத்தைக் கேள். கதவை அடைத்தானா? டிவி சத்தத்தைக் கூட்டினானா? முகத்தை விட்டுவிட்டு, துணி மறைக்கும் இடமாகப் பார்த்து அடித்தானா? உடைந்தது அவள் போனா, அவன் போனா? தன்னை மறந்தவனுக்கு இவ்வளவு கவனம் வராது.

குடியும் அப்படித்தான். அதே போதையில் டாஸ்மாக் கடைக்காரரையோ வழியில் ஊதச் சொல்லும் போலீசையோ அவன் தொடுவதில்லை. குடித்தால் அடி பலமாக விழும், அது உண்மை. ஆனால் யாரை அடிக்கலாம் என்பது குடிக்கும் முன்பே அவனுக்குத் தெரியும். குடியை விட்ட பிறகும் அடிக்கிறவர்கள் உண்டு. "குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதே.

பிறகு சேலையோடு வருவான், அழுவான். ஒரு வாரம் கழித்து, "இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?" அதிலும் குற்றவாளி அவள்தான்.

சமாதானம் பேசுகிறேன் என்று இருவரையும் சேர்த்து உட்காரவைக்காதே. அவன் முன்னால் அவள் உண்மையைச் சொன்னால் ராத்திரி அதற்கு அடி விழும். உன் அக்காளை அனுப்பி, அவளிடம் தனியாகக் கேட்கச் சொல். முக்கியமாக, கழுத்தை நெரித்தானா என்று. வெளியே தடம் இல்லாமலே உள்ளே காயம் இருக்கலாம். நெரிக்கிறவன் பின்னால் கொன்றுவிடும் ஆபத்து மிக அதிகம். குரல் கம்மியிருந்தால், விழுங்க வலித்தால், அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்; டாக்டரிடம் காரணத்தை மறைக்கக் கூடாது.

வீடு அவன் பேரில் இருக்கிறது என்று அவள் பயப்பட வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, பேர் யாருடையதானாலும் குடியிருக்கும் வீட்டில் தொடர்ந்து இருக்க அவளுக்கு உரிமை உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால் மனு எழுத உதவுவார்கள். மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

181 பெண்களுக்கான இலவச உதவி எண், ராத்திரியும் எடுப்பார்கள். போனில் பேர்போட்டு வைக்க வேண்டாம், மூன்று இலக்கம் மனசில் நிற்கும். கூப்பிட்ட பிறகு அந்த அழைப்பை அழித்துவிடச் சொல். அக்காள் அங்கே போனதையோ நம்பர் கொடுத்ததையோ அவனிடம் நீ மூச்சுவிடக் கூடாது.

அம்மா