‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போன கிழமை வீடியோவில் கதைக்கும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இருந்தது உண்மைதான், ஆனால் நான் வைத்தது அதற்காக அல்ல. “அம்மா, நீங்கள் தேசியவாதத்தைத்தானே படிப்பிக்கிறீர்கள், 2007இலும் 2009இலும் கொழும்பில்தானே இருந்தீர்கள், ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?” என்று கேட்டாய். நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை, உன் ஆய்வுக்காகத்தான் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு முழுக்க நித்திரை வரவில்லை.

எழுதினேன் பிள்ளை. 11 பக்கம். என் அலுமாரியின் மேல்தட்டில், உன் பழைய பள்ளிக்கூட ரிப்போட்டுகளுக்குக் கீழே பதினெட்டு வருடமாக இருக்கிறது.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பொலிஸ் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது பத்து வயது, புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்கள், வெளிநாடு போக வீசாவுக்குக் காத்திருந்த பெடியள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது, பிரதமரும் வருத்தம் தெரிவித்தார், அதெல்லாம் சரி. ஆனால் அந்த பஸ் போன றோட்டில்தான் உன் பள்ளிக்கூட வானும் போனது.

அதற்கு முந்திய மாதம் எங்கள் மாடிக்கும் இரவில் பதிவு பார்க்க வந்திருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் விபரம் எழுதிக் கொடுத்த படிவத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, ரோர்ச் அடித்து அடித்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தான் ஒரு சின்னப் பெடியன், இருபத்திரண்டு வயதுகூட இராது. முதல் கட்டம் ‘குடும்பத் தலைவர்’. அதில் என் பெயர் இருந்தது. அவன் படிவத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் அறையைப் பார்த்தான். “மஹத்தயா கோ?” என்றான். ஐயா எங்கே. இல்லை என்றேன். இல்லை என்றால்? எங்கே போனார், எப்போது போனார், வன்னியிலா, என்ன வேலை. அவர் 2002இல் லண்டனுக்குப் போனவர், பிறகு எங்களோடு இல்லை என்று என் அரைகுறைச் சிங்களத்தில், நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க, நான் விளக்கிக்கொண்டு நின்றேன். தமிழ்ப் பெண்ணின் வீட்டில் ஆண் இல்லை என்றால் அவன் எங்கேயோ துவக்கோடு நிற்கிறான் என்பதுதான் அந்தப் பெடியனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கணக்கு. என் பிரிந்த கலியாணம் அன்றைக்குப் பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிட்டது.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் 11 பக்கமும் எழுதினேன்.

இந்த நாட்டில் இனம் என்பது படிவத்தின் வழியாக வீட்டுக்குள் வந்த விதத்தை நான் வருடக்கணக்காகப் படிப்பிக்கிறேன். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணியது 1911 குடிசன மதிப்பீட்டில். 37 வருடம் கழித்து வந்த குடியுரிமைச் சட்டம் அந்தக் கோட்டின்மேலேயே கத்தியை வைத்து மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. இதை எல்லோரும் சொல்கிறோம். அதே 1948 சட்டத்தில் பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் வரும் என்றும் இருந்ததை ஏனோ அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாய் வழி. 2003இல் திருத்தம் வந்த பிறகுதான் தாய் இலங்கையர் என்றாலும் போதும் என்று ஆனது. நீ 1997இல் பிறந்தவள். நான் பெற்று, நான் வளர்த்து, என் சம்பளத்தில் படித்த நீ இந்த நாட்டுக்காரியானது என்னால் அல்ல, உன் அப்பாவால். தாய்நாடு என்கிறார்கள், தாய்மொழி என்கிறார்கள், தேசிய கீதத்தில் சிங்களத்திலும் தமிழிலும் தாயே என்றுதான் பாடுகிறோம், ஆனால் ஒரு தாயின் பெயரைப் படிவத்தின் முதல் கட்டத்தில் பார்த்தால் பின்னால் இருக்கும் அறையை எட்டிப் பார்க்கிறார்கள்.

நம்மவர்களும் இதில் குறைந்தவர்கள் இல்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் நாலு வீடு பார்த்தேன், நாலும் தமிழர் வீடு. ஆம்பிளை இல்லாத குடும்பத்துக்குக் கொடுப்பதில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். பெண்தான் பண்பாட்டின் வேலி என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, வேலி தன் காலில் தனியாக நின்றால் பிடிக்காது. பெண்களைத் தேசத்தின் எல்லைக்கோடாக வைப்பதைப் பற்றி யுவல்-டேவிஸும் அன்தியாஸும் 1989இலேயே எழுதிவிட்டார்கள், உன் வாசிப்புப் பட்டியலில் இருக்கும், அதனால் இங்கே நிறுத்துகிறேன்.

ஏன் அனுப்பவில்லை என்றால், பயம். வேறு சொல் தேட மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை நீ விளங்கிக்கொள்ள வேண்டும்.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், 18 வயது, ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். 83 கலவரத்தில் இங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள்தானே நாங்கள். அன்று பின்னேரம் ராஜினி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று அம்மம்மா வந்து சொன்னா. இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, இருக்க வசதி இருந்தும் திரும்பி வந்து, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். கணவர் சிங்களவர், அரசியல் காரணமாகத் தெற்கில், பிள்ளைகள் இவரோடு. அரசு, இந்தியப் படை, நம் இயக்கங்கள் என்று யார் கொன்றாலும் எழுதியவர். கொன்றவர்கள் நம்மவர்களே, புலிகளே என்றுதான் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் எழுதினார்கள். 35 வயது. இரண்டு பெண் பிள்ளைகள். அம்மம்மா அன்றைக்கு அரசியல் ஒன்றும் கதைக்கவில்லை, “அந்தப் பிள்ளைகள் ஸ்கூலால வந்து யாரைத் தேடும்” என்று மட்டும் கேட்டா.

18 வருடம் கழித்து 11 பக்கத்தையும் உறைக்குள் வைத்து, முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டியபிறகு எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது. பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு இரண்டே காலுக்கு வான் உன்னை ஒழுங்கை முடக்கில் இறக்கும். நான் அங்கே நிற்காவிட்டால் நிற்க வேறு ஆள் இல்லை. இரண்டு பேர் வளர்க்கிற பிள்ளை என்றால் ஒருவர் துணிந்து பேசலாம், மற்றவர் வீட்டில் இருப்பார். என்னுடைய ஆண் சகாக்கள் அந்த நாட்களில் எழுதினார்கள், அவர்கள் தைரியசாலிகள், நான் மதிக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அன்று பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

துறைக் கூட்டங்கள் எப்போதும் மூன்றரைக்கு. கருத்தரங்கு ஐந்து மணிக்கு. 2003இல் வந்த புலமைப்பரிசிலை விட்டேன், மூன்று வருடம் வெளிநாடு, பிணை வைத்துக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும், உன்னைக் கூட்டிப் போக அப்பாவின் சம்மதம் வேண்டும், அவர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. இங்கேயே பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டம் செய்தேன், எட்டு வருடம் போனது. என் மாணவர்கள் சிலர் எனக்கு முன்னாலேயே பேராசிரியர் ஆனார்கள். பதவி உயர்வுப் புள்ளித்திட்டத்தில் ஒரு சர்வதேச மாநாட்டுக்கு இவ்வளவு, ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. என்றாலும் நான் கொடுத்துவைத்தவள் என்று பிறகுதான் விளங்கியது. 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், தகப்பன்மாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. என்னை அப்பாவின் மௌனம் தடுத்தது, அந்தப் பெண்களை அரசாங்கமே நேரடியாகத் தடுத்தது.

கீழ்வீட்டு அன்ரியை உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும். கூட்டம் உள்ள நாட்களில் நீ அவவின் கதிரையில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தாய், உன் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருப்பதற்கு அவதான் காரணம். மகன் இராணுவத்தில். 2009 மே 19, போர் முடிந்துவிட்டது என்று காலி வீதி முழுக்கக் கொடியும் வெடியும், பாற்சோறு பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நான் யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு இருந்தேன், வன்னியில் இருந்த சித்தப்பா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கதவு தட்டியது. அன்ரி ஒரு தட்டில் பாற்சோறு, வாழையிலை வைத்துச் சதுரமாக வெட்டி, பக்கத்தில் கட்டைச் சம்பல். என் முகத்தைப் பார்த்ததும் அவவின் கை அப்படியே நின்றுவிட்டது. “மகன் போன் எடுத்தான், இருக்கிறான்” என்று மட்டும் சொன்னா. தட்டை வாங்கினேன். வாங்காமல் விட என்னால் முடியவில்லை, அவ இல்லாமல் என் ஆய்வு இல்லை, உன் பின்னேரங்கள் இல்லை. ஆனால் சாப்பிட முடியவில்லை. நீ சாப்பிட்டாய், பசியோடு வந்திருந்தாய். தேசியம் படிக்கிறவர்கள் கட்டாயம் வாசிக்கும் மூன்று புத்தகங்கள், ஆண்டர்சனுடையது, கெல்னருடையது, ஹொப்ஸ்போம் ரேஞ்சரோடு சேர்ந்து தொகுத்தது, மூன்றும் 1983இல்தான் வந்தன, எங்கள் ஜூலை நடந்த அதே வருடம், ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். அந்தத் தட்டை அந்த மூன்றில் எதற்குள் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

2022 மே 18 காலிமுகத் திடலில் எல்லா இனத்தவரும் நின்று, போரின் கடைசி நாட்களில் அங்கே அகப்பட்ட சனம் குடித்ததன் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்த அன்று நானும் போனேன். அன்ரியும் வந்தா, முழங்கால் வலியோடு. ஒரே சிரட்டையில் இரண்டு பேரும் குடித்தோம். அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை அந்தப் பக்கங்களை எடுத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 4ஆம் பக்கத்தின் பின்னால் பென்சிலால் நீ செய்த கணக்கு இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி ஒன்று எத்தனை மணித்தியாலத்தில் நிரம்பும் என்று, விடை பிழை. வாதத்தில் மாற்ற வேண்டியது நிறைய, 2007இல் நான் எழுதத் துணியாத இயக்கங்களைப் பற்றிய பகுதியை இப்போது சேர்க்கிறேன். இந்த முறை என் பெயரிலேயே போடுகிறேன், தமிழிலும் சிங்களத்திலும். சிங்களத்தை அன்ரியின் மகன் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன்னைப் பற்றி 6ஆம் பக்கத்தில் இரண்டு வரி வருகிறது, கதவுக்குப் பின்னால் நீ நின்ற இரவு. உனக்கு விருப்பமில்லை என்றால் எடுத்துவிடுகிறேன். இருக்கட்டும் என்றால், அன்றிரவு அவன் போனபிறகு நீ என்னிடம் என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்பு. எனக்கு ஞாபகம் இல்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா